மட்டன், பஃபே, ஸ்வீட் ரூம்: மெனு கார்டில் ஒளிந்திருக்கும் ஃபிரெஞ்சு

(காட்சி: காரைக்குடி மெஸ். வாழையிலையில் மட்டன் சுக்கா விழுகிறது.)

கறி தமிழ். மட்டன் ஃபிரெஞ்சு. அங்கே 'முத்தோன்' என்றால் செம்மறியாடு. 1066-ல் நார்மண்டி வில்லியம் இங்கிலாந்தைப் பிடித்தபிறகு அரண்மனையில் ஃபிரெஞ்சுதான் பேச்சு. நாளடைவில் மேய்கிற ஆடு 'ஷீப்', தட்டுக்கு வரும் கறி 'மட்டன்' என்று பிரிந்தது.

நாம் சமைப்பதோ பெரும்பாலும் வெள்ளாடு. பிரிட்டனிலிருந்து வருபவர் மட்டன் என்று படித்தால் செம்மறியைத்தான் நினைப்பார். கானாடுகாத்தான் பக்கம் விடுதி நடத்துபவர்கள் மெனுவில் 'கோட்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

(காட்சி: பழைய வீட்டு விடுதி. அறைக் கதவில் பெயர்ப்பலகை.)

எஸ், யூ, ஐ, டி, ஈ. இதை 'சூட் ரூம்' என்கிறோம். சரியான உச்சரிப்பு 'ஸ்வீட்'. இனிப்பு என்று கேட்டுவிடுமோ என்று தயங்க வேண்டாம், இரண்டுக்கும் ஒரே ஒலிதான். கடைசி ஈ இல்லாவிட்டால்தான் 'சூட்', அதாவது கோட்டு சூட்டு. இரண்டுக்கும் வேர்ப்பொருள் 'பின்தொடர்தல்'. ஒன்றையடுத்து ஒன்றாகத் தொடரும் அறைகள் ஸ்வீட். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் செட்டிநாட்டு வீட்டில் நடந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

(காட்சி: சமையற்கட்டு.)

'சீஃப்', 'செஃப்' இரண்டும் 'தலை' என்ற ஒரே ஃபிரெஞ்சுச் சொல். முன்னது 1300 வாக்கில் வந்தது, அதனால் அழுத்தமான 'ச்'. பின்னது 19-ஆம் நூற்றாண்டு வரவு, அதனால் 'ஷ்': 'ஷெஃப்' என்பதே சரி. கடைசி 'டி'யும் இப்படித்தான். 16-ஆம் நூற்றாண்டிலேயே வந்த டிக்கெட்டில் ஒலிக்கும். 18-ல் வந்த பஃபே, பொக்கே இரண்டிலும் ஒலிக்காது. 'பஃபெட்' என்று ஒலித்தால் 'அடி, குத்து' என்று வேறு பொருள் வந்துவிடும்.

(காட்சி: மெனு கார்டு, அருகில்.)

ஒரே விலைக்குச் சோறு, குழம்பு, ரசம், மோர் என்று முழுச் சாப்பாடு போட்டால் அது 'டாப்ல டோட்', விருந்தளிப்பவரின் மேசை. சுக்கா, ஆம்லெட் என்று தனித்தனியாக விலை பார்த்துக் கேட்பது 'ஆ லா கார்ட்', அட்டைப்படி. இரண்டையும் ஒரே தலைப்பில் கலந்து அச்சிடாதீர்கள். சுக்காவும் சாப்பாட்டோடு சேர்த்தி என்று நினைத்துச் சாப்பிட்டவரிடம் பில் கொடுக்கும்போதுதான் தகராறு வரும்.