மீம் மட்டும் போதாது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

பண்பாடு மாறி வளர்வதற்கு முதற்காரணம் மீமா, குறியா என்பது தலைப்பு. குறி என்றால் ஒன்றைச் சுட்டி அர்த்தம் தரும் எதுவும்: சொல், சின்னம், கதை. குறிதான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 1976-லிருந்து தொடங்கினார். மரபணுவைப் போலவே பாட்டும் பழக்கமும் நம்பிக்கையும் ஒரு மூளையிலிருந்து இன்னொரு மூளைக்குப் படியெடுக்கப்பட்டுப் பரவுகின்றன. அப்படிப் பரவும் ஒவ்வோர் அலகுக்கும் உயிரியலாளர் ரிச்சர்ட் டாக்கின்ஸ் மீம் என்று பெயரிட்டார் என்றார். சரி. எது பரவியது என்று கணக்கெடுக்க அது உதவும். என்ன மாறியது என்று கேட்டால்?

1958-ல் பிரிட்டனில் ஜெரால்ட் ஹோல்டம் அணு ஆயுத எதிர்ப்புப் பேரணிக்காக ஒரு சின்னம் வரைந்தார். கொடியசைத்துச் செய்தி சொல்லும் முறையில் அணு ஆயுத ஒழிப்பைக் குறிக்கும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளான N, D ஆகிய இரண்டுக்குமான கை நிலைகள், சுற்றி ஒரு வட்டம். அது அமெரிக்காவுக்குப் போனது, வியட்நாம் போர் எதிர்ப்பின் அடையாளமானது. அப்புறம் உலகமெங்கும் அமைதி என்றாலே அதுதான். கோடுகள் மாறவில்லை ஐயா! படியெடுப்பை மட்டும் பார்ப்பவருக்கு அது அதே மீம். நடந்த பரிணாமம் முழுக்க அர்த்தத்தில் நடந்திருக்கிறது.

குறிகள் எப்படி அர்த்தம் தருகின்றன என்று ஆராயும் குறியியலுக்கு அடித்தளமிட்டவர்களுள் ஒருவரான சார்ல்ஸ் பியர்ஸ் குறியில் மூன்று பங்கு உண்டென்றார்: குறி, அது சுட்டுவது, பார்ப்பவர் மனத்தில் அது எழுப்பும் விளக்கம். மீமியல் முதல் பங்கைப் பிடித்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது. எஸ்தோனிய அறிஞர் கலேவி குல் இதைத்தான் சொன்னார்: மீம் படியெடுக்கப்படுகிறது, குறி மொழிபெயர்க்கப்படுகிறது. எனக்கு இந்த வழக்கின் உயிர்நாடியே அந்த வேறுபாடுதான்.

"மாற்றம் வந்தால் அது பிறழ்வு, படியெடுக்கையில் நேரும் பிழை, மரபணுவிலும் உண்டு" என்றார் எதிரணி நண்பர். 1932-ல் வெளியான, பிரிட்டிஷ் உளவியலாளர் பார்ட்லெட்டின் ஆய்வைப் பாருங்கள். வட அமெரிக்கப் பூர்வகுடிக் கதையொன்றை ஆங்கிலேயர்களிடம் கொடுத்து, நினைவிலிருந்து திருப்பிச் சொல்லச் சொன்னார். சீல் வேட்டை மீன்பிடிப்பானது. ஆவிகள் மங்கி மறைந்தன. பிறழ்வு கண்மூடித்தனமானது, இந்த மாற்றத்துக்கோ திசை இருக்கிறது. கேட்டவர்கள் தங்களுக்குப் பழக்கமான உலகத்தின் பக்கமே கதையை இழுத்தார்கள். படியெடுத்தவர்கள் அல்லர் அவர்கள், புரிந்துகொண்டவர்கள்.

அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர், அந்தக் கதை ஏன் அந்தத் திசையில் போனது என்பதை, அர்த்தத்தைத் தொடாமல் விளக்கிக் காட்டட்டும்.