எட்டு ஏரி, ஒரு கோடு: தரவு கொஞ்சமாக இருக்கும்போது ரிக்ரஷன் செய்வது எப்படி?

[திரையில்: பெங்களூர் வரைபடம். எட்டு ஏரிகள் ஒவ்வொன்றாக நீல நிறத்தில் தெரிகின்றன.]

வணக்கம். அல்சூர், சாங்கி, ஹெப்பாள், ஜக்கூர், மடிவாளா, கைகொண்டரஹள்ளி, வர்த்தூர், பெல்லந்தூர். இந்த எட்டு ஏரிகளின் பரப்பும், ஒவ்வொன்றிலும் எத்தனை வகைப் பறவைகள் தென்பட்டன என்ற கணக்கும் உங்கள் கையில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஏரி பெரிதாக இருந்தால் பறவை இனங்களும் கூடுகின்றனவா? இதற்கு ரிக்ரஷன், அதாவது புள்ளிகளுக்குப் பொருந்தும் கோடு, போடலாமா?

சேலம், தருமபுரி, ஓசூர் பக்கத்திலிருந்து இங்கே வந்து சூழலியல் படிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "முப்பது இருந்தால்தான் போடணும்" என்று யாராவது சொல்லிப் பயமுறுத்தியிருப்பார்கள். அப்படி ஒரு சட்டம் புள்ளியியலில் கிடையாது. எட்டுப் புள்ளிக்கும் கோடு போடலாம். ஆனால் எட்டுப் புள்ளியிடம் ஒரு கேள்விதான் கேட்க முடியும். அந்தக் கேள்வியையும் ஏரிக்குப் போவதற்கு முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். இந்த வீடியோ முழுக்க இதைத்தான் சொல்லப்போகிறேன்.

[திரையில்: எக்செல் தாள். எட்டு வரிசை, ஐந்து பத்தி. எல்லாம் தற்செயல் எண்கள்.]

ஏன் ஒரே கேள்வி? நீங்களே செய்து பாருங்கள். எக்செலில் எட்டு வரிசைக்குத் தற்செயல் எண்களை நிரப்புங்கள். முதல் பத்தியைப் பறவை எண்ணிக்கை என்று வைத்துக்கொண்டு, மற்ற நான்கையும் பரப்பு, ஆழம், ஆக்சிஜன், மரங்களின் அடர்த்தி என்று பெயரிட்டு ரிக்ரஷன் போடுங்கள். எதற்கும் எதோடும் சம்பந்தமில்லை. இருந்தும் ஆர் ஸ்கொயர், அதாவது பறவை எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தில் மாடல் விளக்கும் பங்கு, சராசரியாக 0.57 வரும். காரணம் எளிது: சம்பந்தமே இல்லாதபோதும், புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதனால் காரணிகளின் எண்ணிக்கையை வகுத்தால் என்ன வருமோ, அதுதான் எதிர்பார்க்க வேண்டிய ஆர் ஸ்கொயர். நான்கை ஏழால் வகுத்தால் 0.57. ஏழு காரணிகளைப் போட்டால் ஆர் ஸ்கொயர் சரியாக 1. கோடு எல்லாப் புள்ளியையும் தொட்டுவிடும், ஆனால் ஏரியைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

மாடல்களை ஒப்பிட ஏஐசி (காரணி கூடக் கூட அபராதம் போடும் மதிப்பெண், குறைந்தால் நல்லது) பயன்படுத்துகிறவர்கள் இங்கே ஏஐசிசி-க்கு மாற வேண்டும். ஹர்விச், சாய் இருவரும் 1989-இல் சிறிய தரவுக்கென்று பரிந்துரைத்த திருத்தம் அது. எட்டுப் புள்ளியில் ஒரே காரணி வைத்த மாடலுக்கு அந்தத் திருத்தம் 6 கூட்டுகிறது. மூன்று காரணி வைத்தால் 30. அந்த 30-ஐப் பார்த்தாலே தெரியும், கணக்கு உங்களை எங்கே நிறுத்தப் பார்க்கிறது என்று.

சரி, பரப்பு ஒன்றுதான் காரணி என்று முடிவு செய்துவிட்டோம். இப்போது புள்ளிகளைப் படமாகப் போடுவோம். கணக்குக்கு முன்னால் படம். இதை விட்டுவிடவே கூடாது. 1973-இல் ஃபிரான்சிஸ் அன்ஸ்கோம் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை உருவாக்கிக் காட்டினார். ஒவ்வொன்றிலும் 11 புள்ளிகள். நான்குக்கும் ஏறக்குறைய ஒரே கோடு, ஒரே ஆர் ஸ்கொயர், 0.67. படம் போட்டால் ஒன்று நேர்கோடு, ஒன்று வளைவு, இன்னொன்றில் ஒரு புள்ளி விலகி நிற்கிறது. நான்காவதில் ஒரே ஒரு புள்ளிதான் கோட்டையே உண்டாக்குகிறது.

[திரையில்: கிடை அச்சில் பரப்பு. ஏழு புள்ளிகள் இடப்பக்கம், பெல்லந்தூர் வலது ஓரத்தில் தனியாக.]

அந்த நான்காவது படம் நம் ஊரிலேயே இருக்கிறது. சாங்கி சுமார் 37 ஏக்கர். பெல்லந்தூர் சுமார் 900 ஏக்கர். பரப்பை அப்படியே அச்சில் வைத்தால் பெல்லந்தூர் மட்டும் தனியாகப் போய் நிற்கும். ஒரு புள்ளிக்குக் கோட்டை இழுக்க எவ்வளவு வலு இருக்கிறது என்பதை லெவரேஜ் என்று அளக்கிறோம். எட்டுப் புள்ளிக்கும் சேர்த்து மொத்த லெவரேஜ் 2. அதில் பெல்லந்தூர் மட்டும் ஏறக்குறைய 0.8 எடுத்துக்கொள்கிறது.

இந்த ஏரி எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். பல ஆண்டுகளாகக் கழிவுநீர் விழுந்து நுரை பொங்கியது, 2018 ஜனவரியில் தீயே பிடித்தது. அங்கே பறவை குறைவாக இருந்தால், காரணம் பரப்பு அல்ல, சாக்கடை. ஆனால் கோட்டுக்கு அது தெரியாது. "ஏரி பெரிதானால் பறவை குறையும்" என்று சொல்லிவிடும்!

இரண்டு வேலை செய்ய வேண்டும். முதலில், பரப்பு, இன எண்ணிக்கை இரண்டுக்கும் லாக் (மடக்கை) எடுங்கள். இது சும்மா ஒரு தந்திரம் இல்லை. 1921-இல் ஒலாஃப் அரேனியஸ் எழுதிய இனம்–பரப்புத் தொடர்பே அடுக்கு வடிவில் (இனம் = மாறிலி × பரப்பின் ஒரு அடுக்கு) இருப்பது. லாக் எடுத்தால்தான் நேர்கோடாகும். லாக் எடுத்ததும் பெல்லந்தூரின் லெவரேஜ் சுமார் 0.5-க்கு இறங்கிவிடுகிறது. அப்புறம், ஒவ்வொரு ஏரியாக விட்டுவிட்டுக் கோட்டை எட்டுமுறை போட்டுப் பாருங்கள். எட்டுச் சாய்வுகளையும் அறிக்கையில் எழுதுங்கள். ஒரு ஏரியை எடுத்ததும் சாய்வின் திசையே மாறினால், உங்கள் கண்டுபிடிப்பு அந்த ஒரு ஏரியைப் பற்றியது.

[திரையில்: சாய்வு 0.30. மேலும் கீழும் நீளும் ஒரு கோடு.]

இப்போது ஒரு கணக்கு. விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள் இவை, எந்த ஏரியின் நிஜக் கணக்கும் அல்ல. லாக் அளவில் சாய்வு 0.30, திட்டப் பிழை (சாய்வு எவ்வளவு தடுமாறலாம் என்ற அளவு) 0.10. பி மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இவ்வளவு பெரிய சாய்வு வரும் வாய்ப்பு) 0.024, ஆர் ஸ்கொயர் 0.60. பார்க்க நன்றாக இருக்கிறது, நிறையப் பேர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

எட்டுப் புள்ளியில் சாய்வுக்கும் வெட்டுக்கும் (கோடு தொடங்கும் உயரம்) இரண்டு போக, மிஞ்சும் டிகிரீஸ் ஆஃப் ஃப்ரீடம், அதாவது பிழையை அளக்க மிஞ்சும் தகவல், ஆறு. ஆறுக்கு டி மதிப்பு 2.447. அதைத் திட்டப் பிழையால் பெருக்கி, சாய்விலிருந்து கழித்தும் கூட்டியும் பார்த்தால் 95 சதவீத நம்பிக்கை இடைவெளி 0.055 முதல் 0.545 வரை. இதைப் பறவைகளாக மாற்றிப் பாருங்கள். ஏரியின் பரப்பு இரட்டிப்பானால் இனங்கள் 4 சதவீதம் கூடலாம், 46 சதவீதமும் கூடலாம். ஒன்று கண்ணுக்கே தெரியாத மாற்றம். இன்னொன்று ஏரி மீட்புத் திட்டத்தையே மாற்றி எழுத வைக்கும். இரண்டுக்கும் இந்தத் தரவு இடம் தருகிறது. பி மதிப்பு இதைச் சொல்லாது. இடைவெளிதான் சொல்லும்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எட்டுப் புள்ளியில் பி மதிப்பின் வழக்கமான 5 சதவீத வரம்பைத் தாண்ட வேண்டுமானால் தொடர்புக் கெழு (ஆர் ஸ்கொயரின் வர்க்கமூலம்) 0.707-க்கு மேல் இருக்க வேண்டும். நிஜத்தில் தொடர்பு மிதமானது என்றால், அது தற்செயலாகப் பெரிதாகத் தெரிந்தால் மட்டுமே வரம்பைத் தாண்டும். ஆகவே சிறிய தரவில் "சிக்னிஃபிகன்ட்" என்று வந்த சாய்வு பெரும்பாலும் ஊதிப் பெருத்த சாய்வு. கெல்மன், கார்லின் இருவரும் 2014-இல் இதைத் தெளிவாக எழுதியிருக்கிறார்கள்.

நார்மாலிட்டி டெஸ்ட், அதாவது பிழைகள் மணி வடிவில் பரவியிருக்கின்றனவா என்ற சோதனை, பற்றிக் கேட்பீர்கள். எட்டுப் புள்ளியில் அதில் ஒன்றான ஷாப்பிரோ–வில்க் பாஸ் ஆனால் அதற்குப் பெரிய அர்த்தமில்லை, கோளாறு இருந்தாலும் அவ்வளவு கொஞ்சத்தில் அது பிடிபடுவது கடினம். ரெசிடுவல்களை, அதாவது ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து விலகும் தூரத்தை, கண்ணால் பாருங்கள். பயமாக இருந்தால் பறவை எண்ணிக்கையை ஏரிகளுக்கிடையே கலைத்துப் போட்டு, உங்கள் சாய்வளவு பெரிய சாய்வு எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். எட்டுக்கு மொத்தம் 40,320 வரிசைகள், கம்ப்யூட்டர் நொடியில் முடித்துவிடும். நான்கு ஏரிதான் இருக்கிறது என்றால் இந்த வழியும் அடைபட்டுவிடும். 24 வரிசைதான் உண்டு, ஸ்பியர்மன் தரவரிசை முறையில் எல்லாம் கச்சிதமாக அடுக்கி நின்றாலும் பி மதிப்பு 0.083-க்குக் கீழே இறங்காது.

[திரையில்: பெல்லந்தூர், வர்த்தூர், தென்பெண்ணை, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணை. நீர் ஓடும் பாதை.]

"அப்படியானால் அதே ஏரிகளுக்குப் பத்து ஞாயிற்றுக்கிழமை போகிறேன், எண்பது புள்ளி ஆகிவிடுமே?" ஆகாது. ஒரே ஏரியைப் பத்துமுறை எண்ணினால் அந்த ஏரியின் எண்ணிக்கை துல்லியமாகும், ஏரி பத்தாகாது. ஹர்ல்பர்ட் 1984-இல் இதைத்தான் போலிப் பிரதி என்று கண்டித்தார். பரப்பைப் பற்றிய கேள்விக்கு உங்கள் எண் எட்டுதான்.

எட்டு என்பதே கூடச் சில நேரம் மிகை. பெல்லந்தூரின் நீர் வர்த்தூருக்கு இறங்குகிறது. வர்த்தூரிலிருந்து தென்பெண்ணையில் சேர்ந்து ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளிக்குப் போகிறது. மேலே நுரைத்தால் கீழேயும் நுரைக்கிறது. ராஜகாலுவே (மழைநீர்க் கால்வாய்) இணைக்கும் இரண்டு ஏரிகளை இரண்டு தனிச் சாட்சிகளாக எண்ண முடியாது.

அதனால் அடுத்த பருவத்தில் சில்க் போர்டு நெரிசலைத் தாண்டி விடியற்காலையில் போகத்தான் போகிறீர்கள் என்றால், பழைய ஏரிக்கு இன்னொரு முறை போவதைவிடப் புது ஏரி ஒன்றுக்குப் போங்கள். வேறு வடிநிலத்தில் இருப்பதாகவும், 200 முதல் 800 ஏக்கருக்குள் இருப்பதாகவும் தேடுங்கள், அந்த இடத்தில்தான் புள்ளிகள் மெலிந்து கிடக்கின்றன. நகருக்கு வெளியே போக வேண்டியிருக்கலாம். ஆய்வேட்டில் சாய்வோடு இடைவெளியையும், எட்டு வரிசை அட்டவணையை முழுசாகவும் அச்சிடுங்கள். அடுத்த வருடம் வரும் மாணவர் தன் ஏரிகளை உங்கள் வரிசைக்குக் கீழே சேர்த்துக் கோட்டைத் திரும்பப் போடுவார்.