கார் மேட்டுக்கு அடியில் ஈரம்

நேயர்களுக்கு வணக்கம். வடகிழக்குப் பருவமழை ஆரம்பித்துவிட்டால் எங்கள் பட்டறைக்கு வருகிறவர்களில் பலர் சொல்வது ஒன்றுதான்: "காருக்குள்ளே தண்ணி வருது, எங்கேருந்துன்னு தெரியல." அதைப் பற்றிப் பேசத்தான் இன்று என்னை அழைத்திருக்கிறார்கள். நான் டிங்கரிங் வேலை, அதாவது வண்டியின் தகட்டு வேலை, பார்ப்பவன். பேச்சிலும் பட்டறை வாடை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கார் என்பது தண்ணீரே புகாத பெட்டி கிடையாது. சில இடங்களில் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும் என்று தெரிந்தேதான் அதைச் செய்கிறார்கள். கதவுக் கண்ணாடியில் வழிவது கதவுத் தகட்டுக்குள் இறங்கும். முன் கண்ணாடியில் விழுவது வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தில் சேரும். கூரையில் திறக்கும் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், இருந்தால் அதன் ஓரத்து ரப்பரைத் தாண்டியும் கொஞ்சம் இறங்கும். இப்படி இறங்குவது வெளியே போக ஒவ்வோர் இடத்திலும் துவாரமோ குழாயோ வைத்திருப்பார்கள். அந்த வழி அடைத்துக்கொண்டால்தான் தண்ணீர் உங்கள் காலடியைத் தேடி வருகிறது. அதனால் என்னிடம் வரும் வண்டிகளில் பெரும்பாலும் ஓட்டையை அடைக்கும் வேலை இருக்காது, அடைத்துக்கொண்டதைத் திறந்துவிடும் வேலைதான் இருக்கும்.

இது தெரியாமல் ஒரு சிலிகான் டியூபை வாங்கிக் கண்ணில் பட்ட இடுக்கிலெல்லாம் பூசிவிடுகிறார்கள். கதவின் அடியில் தண்ணீர் வடிவதற்கென்று இருக்கும் துவாரத்தையே பூசி அடைத்தவர்கள் உண்டு. அப்புறம் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, வண்டி திரும்பும்போதெல்லாம் சளக் சளக் என்று சத்தம் கேட்கும். வினிகர் வாடை அடிக்கும் சிலிகான் வெறும் தகட்டை அரிக்கவும் செய்யும், அதன் மேல் பெயின்டும் ஒட்டாது. எங்களுக்கு அதைச் சுரண்டி எடுப்பதே தனி வேலை.

சரி, காலடியில் விரித்த மேட் நனைந்திருக்கிறது. அது எந்தத் தண்ணீர் என்று முதலில் பாருங்கள். மழையே பெய்யாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு, முன்சீட்டுக் காலடி ஈரமாக இருந்தால் அது ஏசி தண்ணீராக இருக்கலாம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் காற்றின் ஈரம் தண்ணீராகப் படிகிறது. அது ஒரு சின்னக் குழாய் வழியாக வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஏசி ஓடும் கார் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம். நனையவில்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். தூசியும் பாசியும் சேர்ந்து குழாய் அடைத்திருக்கும். சுத்தம் செய்தால் தீர்ந்துவிடும், பெரிய செலவு கிடையாது.

தொட்டால் பிசுபிசுப்பாக, பச்சையாகவோ இளஞ்சிவப்பாகவோ, இனிப்பு வாடையோடு இருந்தால் கதை வேறு. அது கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் காயில் ஒழுகுகிறது. முன் கண்ணாடியின் உட்புறத்தில் எண்ணெய்ப் பசை போல ஒரு படலமும் படியும். கூலன்ட் குறைந்தால் இன்ஜின் சூடேறிவிடும், தள்ளிப்போடாதீர்கள். அது நஞ்சும்கூட, குழந்தைகளை அந்த மேட்டில் கால் வைக்க விடாதீர்கள்.

மீதி மழைத்தண்ணீர். ஆளை அலைக்கழிப்பது இதுதான். நுழையும் இடம் ஒன்று, தேங்கும் இடம் வேறு. கூரையில் நுழைந்தது கூரையைத் தாங்கும் தூணுக்குள் இறங்கி, கார்பெட்டுக்கு அடியில் ஓடி, வண்டி எந்தப் பக்கம் சரிந்து நிற்கிறதோ அங்கே போய்ச் சேரும். முன்பக்கம் மேடாக நிறுத்தினால் பின்சீட்டுக் காலடி நனையும், பள்ளமாக நிறுத்தினால் முன்சீட்டுக் காலடி. ஈரத்துக்கு நேர் மேலே மட்டும் தேடிக்கொண்டிருந்தால் கண்டுபிடிக்கவே முடியாது.

நாங்கள் தேடும் விதத்தைச் சொல்கிறேன், வீட்டிலும் செய்யலாம். கார்பெட்டைத் தூக்கி, தகட்டைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். அதன் மேல் முகப்பவுடரைத் தூவுங்கள். ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்காரட்டும், கதவுகளைச் சாத்திவிட்டு இன்னொருவர் வெளியே ஹோஸ் பிடிக்கட்டும். தண்ணீர் மெதுவாக வழிந்தால் போதும். வாட்டர் சர்வீஸில் அடிப்பது போல வேகமாக அடித்தால் நல்ல ரப்பரைக்கூடத் தாண்டிவிடும், அதை நம்ப முடியாது. கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் கதவின் அடி, அப்புறம் கதவின் ஓரங்கள், அப்புறம் முன் கண்ணாடி, கடைசியில்தான் கூரை. மேலே முதலில் ஊற்றினால் எல்லா இடமும் ஒரேயடியாக நனைந்து, எது குற்றவாளி என்று பிரிக்க முடியாமல் போகும். ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடம் ஊற்றிவிட்டுக் காத்திருங்கள். உள்ளே சுற்றி வர அதற்கு நேரம் வேண்டும். வரும்போது பவுடரில் தடம் தெரியும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை இழுக்கும்படி வைத்து, புளோயரை, அதாவது ஏசி காற்றை ஊதும் விசிறியை, முழு வேகத்தில் ஓடவிடுங்கள். வெளியிலிருந்து கதவு ரப்பர், முன் கண்ணாடி ஓரம் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். காற்று கசியும் இடத்தில் நுரை கொப்பளிக்கும்.

கதவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் யாரும் சந்தேகப்படாத இடம் அது. கதவின் உட்புற அட்டையை, நாங்கள் டோர் பேட் என்போம், அதைக் கழற்றினால் பின்னால் பிசினால் ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் தாள் இருக்கும். கதவுக்குள் இறங்கும் தண்ணீரை வண்டிக்குள் விடாமல் தடுப்பது அந்தத் தாள்தான். புது ஸ்பீக்கர் மாட்டியவரோ பவர் விண்டோ பழுது பார்த்தவரோ அதைக் கிழித்திருப்பார், இல்லை என்றால் ஒட்டாமல் விட்டிருப்பார். அடுத்த மழைக்குக் காலடி நனையும், பழி கதவு ரப்பருக்குப் போகும். புது ரப்பரும் போடுவார்கள், ஒழுகல் நிற்காது. தாளைப் பியூட்டைல் டேப் என்ற பிசின் நாடா வைத்துச் சுற்றிலும் ஒட்டினால் போதும், விலையும் குறைவு.

வைப்பருக்குக் கீழே இருக்கும் பள்ளத்தைக் கெடுப்பது மரத்தடி நிறுத்தம். வேப்பஞ்சருகும் புங்கம்பூவும் விழுந்து மக்கி, வடிகாலை அடைத்துவிடும். பல வண்டிகளில் புளோயர் காற்றை இழுக்கும் வாயும் அங்கேயே இருப்பதால், நிரம்பிய தண்ணீர் அதன் வழியாக உள்ளே கொட்டும். பானட்டைத் திறந்து சருகை அள்ளிப் போடுங்கள், அதற்கு மெக்கானிக் வேண்டாம்.

சன்ரூஃப் வண்டிகளில் பெரும்பாலும் நான்கு மூலையிலும் மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கும். ஒரு மூலையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, வண்டிக்குக் கீழே வடிகிறதா என்று பாருங்கள். வடியவில்லை என்றால் மெல்லிய நைலான் கம்பியை விட்டு மெதுவாகக் குத்தலாம். கம்ப்ரசர் காற்றை மட்டும் அடிக்காதீர்கள். தூணுக்குள்ளே குழாய் கழன்றுவிட்டால் கூரைத் துணியையே இறக்க வேண்டி வரும்.

முன் கண்ணாடி மாற்றியிருந்தால் ஒட்டிய பேஸ்டில் எங்காவது விட்டுப்போயிருக்கலாம். அதைக் கழற்றி மறுபடி ஒட்டுவதுதான் முறை, மேலே பூசுவது ஒப்பேற்றல். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் குழியில் தண்ணீர் நின்றால் பின் விளக்கைச் சுற்றியிருக்கும் ரப்பரைப் பாருங்கள்.

ஒழுகலை நிறுத்தியதோடு வேலை முடியாது. கார்பெட்டுக்கு அடியில் இருக்கும் கனமான பஞ்சு தண்ணீரைக் குடித்துவைத்திருக்கும். மேலே தொட்டால் காய்ந்திருக்கும், அழுத்தினால் ஊறும். காலையில் கண்ணாடிகள் உள்பக்கம் வியர்த்திருப்பதும், வாசனைப் புட்டி வைத்தும் போகாத பூஞ்சை வாடையும் அதனால்தான். கார்பெட்டைத் தூக்கி, வெயிலிலும் மின்விசிறியிலும் பஞ்சை முழுக்கக் காயவிட வேண்டும். அவசரப்பட்டு மூடினால் தகடு துருப்பிடிக்கும், சீட்டுக்கு அடியில் ஓடும் ஒயர் இணைப்புகள் பச்சை பூத்து, சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் மீட்டரில் எரியும். ஒன்று கவனம்: சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பு இருந்தால் அது ஏர்பேக், சீட் பெல்ட் சம்பந்தப்பட்டது. அதைப் பட்டறைக்காரரிடம் விட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்கப் போகிறவர்களுக்கும் இது உதவும். 2015 டிசம்பரிலும், மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. மூழ்கிய வண்டிகளைக் கழுவித் துடைத்து விற்பதுண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே சுருண்டிருக்கும் பகுதியைக் கழுவ யாருக்கும் தோன்றாது. அங்கே சேற்றுக் கறை இருந்தால், சீட்டைத் தரையோடு பிடித்திருக்கும் போல்ட்டுகளில் துரு இருந்தால், விற்பவரிடம் காரணம் கேளுங்கள். சரியான பதில் வரவில்லை என்றால் அடுத்த வண்டியைப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.