கணினியின் மறதி

நேயர்களுக்கு வணக்கம்.

கணினியின் வரலாறு பற்றிப் பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வேகத்தைத்தான் பேசுவார்கள். நான் அந்தப் பக்கம் போகவில்லை. எனக்கு ரொம்ப காலமாகப் பிடித்த விஷயம் கணினியின் ஞாபகசக்தி. சரியாகச் சொன்னால், அதன் மறதி.

போன் வாங்கப் போனால் இரண்டு எண் சொல்வார்கள், கவனித்திருப்பீர்கள். 8 ஜிபி, 128 ஜிபி என்று. இரண்டுமே நினைவகம்தான். அப்புறம் ஏன் இரண்டு? முதலாவது ரேம். வேகமானது, ஆனால் மின்சாரம் நின்றால் எல்லாம் போச்சு. இரண்டாவது அவ்வளவு வேகம் இல்லை, ஆனால் அணைத்து வைத்தாலும் மறக்காது. அந்த மறதிக்கார ரேம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இன்றைய பேச்சு.

1946-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற இயந்திரத்தை உலகுக்குக் காட்டினார்கள். சுமார் 18,000 வால்வுகள், அதாவது பழைய ரேடியோவில் இருக்குமே, அந்த மாதிரிக் கண்ணாடிக் குழாய்கள். 30 டன் எடை. கணக்குப் போடுவதில் புலி. ஆனால் அதன் வால்வுகளில் நின்றவை பத்து இலக்க எண்கள் இருபது. இருபதே இருபது! அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைக்கூட அந்த நினைவில் வைக்க இடமில்லை. புதுக் கணக்கு என்றால் ஆட்கள் நின்று கம்பிகளைப் பிடுங்கி மாற்றிச் செருக வேண்டும், சில சமயம் நாட்கணக்கில். வேகத்துக்குக் குறைவில்லை, ஞாபகத்துக்குத்தான் வழியில்லை.

வழி ரேடாரிலிருந்து வந்தது. போர்க்காலத்தில் ரேடார் திரையில் மலையும் கட்டடமும் சேர்ந்து தெரிந்து தொல்லை கொடுத்தன. முந்தைய எதிரொலியைக் கொஞ்சம் தாமதப்படுத்தி, புதிய எதிரொலியிலிருந்து கழித்துவிட்டால், அசையாததெல்லாம் மறையும், நகர்கிற விமானம் மட்டும் மிஞ்சும். தாமதப்படுத்துவது எப்படி? மின்துடிப்பை ஒலியாக்கிப் பாதரசம் நிரம்பிய குழாய்க்குள் அனுப்பினார்கள். மின்சாரத்தோடு ஒப்பிட்டால் ஒலி ஆமைதானே!

எனியாக்கை வடிவமைத்த இருவரில் ஒருவரான எக்கர்ட் இந்த ரேடார் வேலையிலும் இருந்தவர். இதையே நினைவகமாக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. குழாயின் மறுமுனையில் வருகிற துடிப்பைச் சீராக்கி மறுபடி இந்த முனையிலேயே விட்டால் அது தொலையாது அல்லவா? யாராவது ஒரு தொலைபேசி எண்ணைச் சொன்னால், பேனா கிடைக்கும் வரை வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே இருப்போமே, அதேதான். கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் குழுவினர் உருவாக்கி 1949-இல் ஓடத் தொடங்கிய எட்சாக் என்ற கணினி, தன் எண்களையும் கட்டளைகளையும் இப்படித்தான் வைத்திருந்தது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள குழாய்களுக்குள் அவை ஒலி அலைகளாக ஓடிக்கொண்டிருந்தன. வேண்டிய எண் குழாயின் நடுவே போய்க்கொண்டிருந்தால், அது முனைக்கு வரும்வரை இயந்திரம் காத்திருக்கும். வெப்பம் கொஞ்சம் மாறினாலும் ஒலியின் வேகம் மாறிவிடும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். பாதரசம் எதற்கு, ஜின் மதுவே போதும் என்று கணினித் துறையின் முன்னோடி ஆலன் டூரிங் சொன்னதாக ஒரு கதை உண்டு. யாரும் ஊற்றிப் பார்க்கவில்லை.

பாதரசம் பற்றி நான் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். மான்செஸ்டருக்கு வருவோம். அங்கே வில்லியம்ஸும் கில்பர்னும் வேறு வழி பிடித்தார்கள். பழைய டிவியில் இருக்குமே, அந்த மாதிரிப் படக்குழாய். அதன் திரையில் புள்ளி புள்ளியாக மின்னூட்டத்தை வைத்தார்கள். அது நொடியின் சிறு பங்குக்குள் கசிந்துவிடும். கசிவதற்குள் படித்து மறுபடி எழுத வேண்டும், திரும்பத் திரும்ப, ஓயாமல். 'பேபி' என்று பெயர் பெற்ற அந்த இயந்திரம் 1948 ஜூன் 21-இல் தன் முதல் நிரலை ஓட்டியது. அதன் நினைவகம் மொத்தம் 1,024 பிட். பிட் என்றால் ஒரே ஒரு ஒன்று அல்லது சுழியம்.

பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 1970-இல் இன்டெல் விற்ற 1103 என்ற சிப்பிலும் அதே 1,024 பிட்தான். ஒவ்வொரு பிட்டும் துளி மின்னூட்டம், அதுவும் கசியும், அதையும் படித்துப் படித்துத் திரும்ப எழுத வேண்டும். படக்குழாய் போய் சிலிக்கன் வந்தது. கசிவு அப்படியே இருக்கிறது, முணுமுணுப்பும் அப்படியே இருக்கிறது. உங்கள் போனின் 8 ஜிபி ரேமில் சுமார் 6,900 கோடி துளிகள். நான் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்திலும் அவை கசிந்துகொண்டிருக்கின்றன, நொடிக்குப் பல தடவை புதுப்பிக்கப்படுகின்றன. சும்மா கிடக்கிற போனிலும் பேட்டரி கொஞ்சம் கொஞ்சமாக இறங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள், நேரம் ஆகிவிட்டதாம். மறக்காத நினைவகங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1950-களில் சின்னச் சின்னக் காந்த வளையங்களைக் கம்பியில் கோத்தார்கள். நிலவுக்குப் போன அப்பல்லோ கணினியின் நிரலே அப்படிக் கையால் பின்னியதுதான். கம்பி வளையத்துக்குள் போனால் ஒன்று, வெளியே போனால் சுழியம். பின்னிய பிறகு ஒரு பிழை கண்ணில் பட்டால் திருத்துவது லேசில்லை. 1956-இல் ஐபிஎம் கொண்டுவந்த முதல் வட்டுக் கிடங்கில் ஐம்பது தட்டுகள் இருந்தும் கொள்ளளவு 50 லட்சம் எழுத்துதான். இன்றைய போன் புகைப்படம் ஒன்றே அதை நிரப்பிவிடக்கூடும். அப்புறம் 1980-களில் தோஷிபாவில் மசுவோகா உருவாக்கிய ஃப்ளாஷ். எலக்ட்ரான்களை, மின்சாரம் கடத்தாத காப்புறைக்குள் சிறைவைக்கிற வித்தை அது. ஒவ்வொரு தடவை அழித்து எழுதும்போதும் அந்த உறை கொஞ்சம் தேய்கிறது. மின்சாரமே காட்டாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் அதுவும் மெல்லக் கசியும்.

வணக்கம்.