சிகாகோவில் பிடிபடும் துப்பாக்கி எங்கிருந்து வந்தது?

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்காவின் சிகாகோ நகரத் தெருவில் போலீஸ் கையில் சிக்குகிற கள்ளக் கைத்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை கள்ளப் பட்டறையில் செய்தவை அல்ல. பெயர் பெற்ற தொழிற்சாலையில் செய்து, உரிமம் உள்ள கடையில், படிவம் நிரப்பி விற்றவை. கடையிலிருந்து ரவுடி கைக்குப் போகும் வழியில் அவை எங்கே தடம் மாறின என்பதுதான் கேள்வி.

இப்படித் துப்பாக்கியின் தடம் தேடும் வேலை எப்படி நடக்கும் என்பதற்கு 1963-ஐ விட நல்ல உதாரணம் இல்லை. டாலஸில் அதிபர் கென்னடி சுடப்பட்ட அன்று, ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில் இத்தாலிய ரைஃபிள் ஒன்று கிடைத்தது. அதில் பொறித்த எண் சி 2766. இறக்குமதி செய்த நியூயார்க் கம்பெனியைக் கேட்டார்கள். சிகாகோவில் ஒரு கடைக்கு அனுப்பினோம் என்றது. அன்றிரவே கடைக்காரர்கள் மைக்ரோ ஃபிலிம் சுருள்களைப் பிரித்துத் தேடி, விடிவதற்குள் ஆர்டரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்துத் தபாலில் கேட்டது. குறி பார்க்கும் தொலைநோக்கியோடு விலை 19 டாலர் 95 சென்ட். வாங்கியவர் ஏ. ஹைடல் என்று போட்டிருந்தது. பொய்ப் பெயர். ஆனால் தபால் பெட்டி, கென்னடியைச் சுட்டதாகக் கைதான ஆஸ்வால்டுடையது. அது ரைஃபிள்தான், கைத்துப்பாக்கி அல்ல. இருந்தாலும் முறை ஒன்றே: செய்தவர், இறக்குமதி செய்தவர், கடைக்காரர், முதலில் வாங்கியவர்.

1968-இல் வந்த சட்டம் இப்படித் தபாலில் விற்பதை நிறுத்தியது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் தொடர் எண் கட்டாயம், கடைக்காரர் பதிவேடு வைப்பதும் கட்டாயம் என்றது. சரி, அந்தப் பதிவேடுகளையெல்லாம் ஒரே கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பார்கள் என்றுதானே நினைப்பீர்கள்? இல்லை. நாடு தழுவிய துப்பாக்கிப் பதிவேடு கூடாது என்று 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அதனால் மேற்கு வர்ஜீனியாவில் மார்ட்டின்ஸ்பர்க் என்ற ஊரில் இருக்கிற, தடம் தேடும் மத்திய அரசு அலுவலகம் இன்றைக்கும் தொழிற்சாலையைக் கேட்டு, மொத்த வியாபாரியைக் கேட்டு, கடையைக் கேட்கிறது. கடைக்காரர் 24 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

மூடிவிட்ட கடை என்றால்? அதன் ஏடுகள் அட்டைப்பெட்டிகளில் மார்ட்டின்ஸ்பர்க்குக்கே வந்துவிடும். வந்து குவிந்ததில் கட்டடத்துக்குள் இடம் போதாமல் வாகனம் நிறுத்தும் இடத்தில் கன்டெய்னர் போட்டு அடுக்கியிருந்தார்கள். ஸ்கேன் செய்கிறார்கள், ஆனால் வெறும் படமாக. ஆள் பெயரைத் தட்டினால் வராது. பக்கம் பக்கமாகக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

தடம் அறுந்துபோவது பெரும்பாலும் முதல் படியிலேயே. துப்பாக்கியைப் பிடித்த போலீஸார் காப்புரிமை எண்ணையோ மாடல் எண்ணையோ தொடர் எண் என்று எழுதிவிடுவார்கள். பூஜ்யத்தை ஆங்கில 'ஓ' என்று படிப்பார்கள். வெளிநாட்டுத் துப்பாக்கி என்றால் இறக்குமதியாளர் பெயர் சிறு எழுத்தில் இருக்கும். அதை விட்டுவிட்டால் யாரைக் கேட்பது? இரண்டு கம்பெனித் துப்பாக்கியில் ஒரே எண் இருக்கலாம். எண் மட்டும் போதாது என்று மறுபடியும் சொல்கிறேன்: கம்பெனி, மாடல், குழல் அளவு, இறக்குமதியாளர், எண், எல்லாம் சேர்ந்தால்தான் தடம். எண்ணை அரத்தால் ராவியிருந்தாலும் சில சமயம் மீட்கலாம். முத்திரை அடித்த வேகத்தில் எழுத்துக்கு அடியிலும் உலோகம் நசுங்கியிருக்கும். அமிலக் கலவை தடவினால் நசுங்கிய இடம் வேறுவிதமாக அரிக்கும், எழுத்து மங்கலாக மேலே வரும்.

இவ்வளவு பாடுபட்டும் கிடைப்பது முதலில் வாங்கியவர் பெயர் மட்டும். நம் ஊரில் பழைய பைக்கை விற்றால்கூட ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாற்றுகிறோம். அங்கே பல மாநிலங்களில் தனி ஆள் தனி ஆளுக்குத் துப்பாக்கி விற்றால் எழுத்தே கிடையாது. ஆகவே ஒரு தடத்தை நம்பிப் பயனில்லை. ஆயிரக்கணக்கான தடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடையில் விற்றதற்கும் போலீஸ் பிடித்ததற்கும் நடுவே மூன்று வருஷத்துக்கும் குறைவு என்றால், கடத்தல் கை இருக்கலாம் என்று சந்தேகிப்பார்கள்.

சிகாகோ நகராட்சி 2017-இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் செய்தது. 2013 முதல் 2016 வரை பிடிபட்டவற்றில் பத்துக்கு ஏறக்குறைய ஆறு வெளிமாநிலத்தில் வாங்கியவை. பக்கத்து இண்டியானாவிலிருந்து மட்டும் ஐந்தில் ஒன்று. ஹாமண்ட், கேரி ஊர்களெல்லாம் எல்லை தாண்டியதும் வந்துவிடும். வெளிமாநிலத்தாருக்குக் கடைக்காரர் கைத்துப்பாக்கியை நேராகக் கொடுக்கக் கூடாது. அதனால் உள்ளூர்ப் பினாமியை விட்டு வாங்குவார்கள். ஐந்து வேலை நாளுக்குள் ஒரே ஆள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் தகவல் தர வேண்டும் என்பது இதற்காகத்தான். பினாமியாக வாங்குவதையே தனிக் குற்றமாக்கியது 2022-ஆம் ஆண்டுச் சட்டம்.

நேரம் நெருங்கிவிட்டது. தோட்டா உறைகளை ஒப்பிடுவது பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன். சுருக்கமாக: உறையின் அடியில் பதியும் ஊசித் தடத்தைப் படமெடுத்து ஒப்பிட்டால், துப்பாக்கி கையில் இல்லாமலேயே இரண்டு சம்பவங்களை இணைக்கலாம். உதிரிப் பாகம் வாங்கி வீட்டிலேயே பொருத்திச் செய்யும், எண்ணே இல்லாத துப்பாக்கிகளுக்கு இது ரொம்ப அவசியம். அந்த உதிரித் தொகுப்புகளுக்கும் எண் வேண்டும் என்று 2022-இல் விதி வந்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. அதற்கு முன்னால் விற்றுப்போனவற்றுக்கு மார்ட்டின்ஸ்பர்க்கிலிருந்து யாரையும் கூப்பிட்டுக் கேட்க வழியில்லை. வணக்கம்.