எப்போது வறுத்தது என்று கேளுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடியில் காப்பிக்கொட்டை வறுத்து அரைத்துக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். காப்பியைப் பற்றிப் பேச வேண்டும் என்று வானொலியிலிருந்து அழைத்தார்கள். என் கடைக்கு வருகிறவர்கள் ஓயாமல் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது, அதையே எடுத்துக்கொள்கிறேன். "முன்ன இருந்த வாசனை இப்ப இல்லையே தம்பி, கொட்டையே மாறிப்போச்சா?" என்று ஆச்சிமார்கள் கேட்பார்கள். "கொட்டை அவ்வளவாக மாறவில்லை ஆச்சி" என்றுதான் நான் சொல்வது. மலையில் ஒரு வருஷம் பாடுபட்டுச் சேர்த்த வாசனையை, வறுத்த பிறகு வரும் சில வாரங்களில் நாம் தொலைத்துவிடுகிறோம்.

நமக்குப் பக்கத்துக் காப்பி மலை கீழ்ப்பழனி மலை. வத்தலக்குண்டு வழியாக மேலேறினால் தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பெரும்பாறைப் பக்கமெல்லாம் காப்பித் தோட்டம்தான். காப்பி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. வெயிலில் வெட்டவெளியாகக் கிடக்கும் தோட்டம் அங்கே அபூர்வம். மேலே சில்வர் ஓக், பலா, நடுவில் மலைவாழை, மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக்கொடி, அதற்கெல்லாம் கீழே காப்பி. இந்த நிழல் சும்மா இல்லை. அராபிகா என்ற காப்பி வகையின் பெரிய எதிரி தண்டைத் துளைக்கும் ஒரு வண்டு. வெயில் படும் செடியைத் தேடித்தான் அது முட்டையிட வரும். நிழலை அதிகம் வெட்டிய தோட்டக்காரர் சில வருஷத்தில் செடியையே பிடுங்கி எரிக்க வேண்டியதாகிவிடும்.

இந்தியாவில் விளையும் காப்பியில் 70 சதவீதம் போல கர்நாடகத்தில் விளைகிறது. நம் மாநிலத்தின் பங்கு சின்னது. ஆனால் அதில் பெரும்பகுதி அராபிகா. 1000 மீட்டருக்கு மேல், குளிர்ந்த மலையில் நன்றாக வரும் செடி அது. இன்னொரு வகையான ரோபஸ்டா இன்னும் கீழேயே வரும், நோயைத் தாங்கும், காபீன் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கசப்பும் கூடுதல். கெட்டியான காப்பி வேண்டும் என்பவர்களுக்குக் கொஞ்சம் ரோபஸ்டா கலப்பதில் தவறில்லை. வாசனை வேண்டும் என்றால் அராபிகாதான்.

நோய் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனசில்லை. நகரத்தார் கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்ய, போன சீமைகளில் இலங்கையும் ஒன்று. அங்கே கண்டி மலைகளில் தேயிலைக்கு முன்னால் இருந்தது காப்பி. அந்தக் காப்பியைப் பறித்தவர்கள் நம் பக்கத்து ஜனங்கள்தான். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, மதுரைப் பக்கத்து ஊர்களிலிருந்து கிளம்பி, தோணியில் மன்னார்க் கரைக்குப் போய், அங்கிருந்து காட்டு வழியே கால்நடையாகக் கண்டிக்குப் போனார்கள். காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே மாண்டுபோனவர்கள் ஏராளம். 1869-இல் இலைத் துருநோய் அந்தத் தோட்டங்களில் தென்பட்டது. இலையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடிப் பொடியாகப் புள்ளி விழும், இலை உதிரும், செடி மொட்டையாக நிற்கும். இருபது வருஷத்துக்குள் இலங்கையில் காப்பி போய்த் தேயிலை வந்துவிட்டது. அதே துருநோய் இன்றைக்கும் நம் மலைகளில் இருக்கிறது. அதைத் தாங்கும் ரகங்களைத் தேடித்தான் கர்நாடகத்தில் பாலெஹொன்னூர் ஆராய்ச்சி நிலையம் 1925-இலிருந்து வேலை செய்கிறது. நாம் குடிக்கும் அராபிகாவில் அங்கே உருவான எஸ். 795 என்ற ரகத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, பழத்துக்கு வருவோம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால், பத்து நாளைக்குள் கிளையெல்லாம் வெள்ளையாகப் பூத்துவிடும். மல்லிகையை நினைவூட்டும் வாசனை. இரண்டு மூன்று நாளில் வாடிப்போகும். அதிலிருந்து அராபிகா பழமாக எட்டு ஒன்பது மாதம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை பறிப்பு. ஒரு கிளையிலேயே பச்சையும் மஞ்சளும் சிவப்பும் கலந்து நிற்கும். சிவப்பை மட்டும் பறிக்க வேண்டும், அப்புறம் வாரக்கணக்கில் இடைவெளி விட்டு அதே செடிக்குத் திரும்பத் திரும்ப வர வேண்டும். இது முழுக்கக் கைவேலை.

பழுத்த பழத்தைப் பிதுக்கினால் வழவழவென்று ஒரு பசையோடு இரண்டு கொட்டை வழுக்கிக்கொண்டு வரும். பசையை நாக்கில் வைத்தால் இனிப்பு. பறித்த அன்றே தோலை நீக்கி, ஒரு நாள் போலத் தொட்டியில் ஊறவிட்டு, பசை கழன்றதும் அலசிக் களத்தில் காயப்போடுவார்கள். மணிக்கு ஒரு தடவை கிளறி விடணும். ராத்திரி பனி படாமல் மூடணும். ஈரம் 10, 11 சதவீதத்துக்கு இறங்கும் வரை இந்தப் பாடு. கடையில் நீங்கள் கேட்கும் 'பிளான்டேஷன் ஏ' இப்படி அலசிக் காயவைத்த அராபிகா. பழமாகவே காயவைத்து உடைத்தால் அது 'செர்ரி'. 'பீபெரி' என்பது பழத்துக்குள் இரண்டுக்குப் பதிலாக ஒற்றையாக, உருண்டையாக விளைந்த கொட்டை. அதனால் வறுக்கும்போது எல்லாப் பக்கமும் சீராக உருளும். அதற்கு மேல் பீபெரிக்கு ஒரு தனி மகிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. நல்ல தோட்டத்து ஏ, சுமாரான தோட்டத்துப் பீபெரியைவிட எப்போதும் மேல்.

ஐந்தாறு கிலோ பழம் பறித்தால் ஒரு கிலோ பச்சைக்கொட்டை. அதை வறுத்தால் எடை இன்னும் 15 முதல் 20 சதவீதம் குறையும். பச்சைக்கொட்டைக்குக் காப்பி வாசனை கிடையாது, வைக்கோலும் பச்சைப் பட்டாணியும் கலந்த ஒரு வாடைதான். டிரம்மில் சுற்றச் சுற்ற மஞ்சளாகி, பழுப்பாகி, 200 டிகிரியை நெருங்கும்போது படபடவென்று வெடிக்கும். அதற்கப்புறம் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. கறுக்க வறுத்தால் டிக்காஷன் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் எந்த மலைக் கொட்டையும் ஒரே ருசியாகிவிடும். மோசமான கொட்டையை மறைக்கவும் அது வசதி.

வறுத்த கொட்டைக்குள் கரியமிலவாயு நிறைய அடைபட்டு இருக்கும், அது நாள்கணக்கில் மெதுவாக வெளியேறும். அந்த வாயுவும் கொட்டையின் உடம்பும்தான் வாசனைக்குக் காவல். அரைத்த மாத்திரத்தில் காவல் போய்விடுகிறது. கொட்டையாக இருந்தால் இரண்டு மூன்று வாரம் தாங்கும். தூளாக்கினால் ஒரு வாரத்தில் பாதி போச்சு. ஒரு மாதத்துக்குச் சேர்த்து ஒரு கிலோத் தூள் வாங்கி, சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் டப்பாவில் வைத்து, நாளுக்கு நாலு முறை திறந்தால், ஆச்சி சொன்ன வாசனை எங்கே போனது என்று வேறு எங்கும் தேட வேண்டியதில்லை. கால் கிலோவாக வாங்குங்கள். வாங்கும்போது, எப்போது வறுத்தது என்று கேளுங்கள். இந்தக் கேள்வியை எந்தக் கடைக்காரரும் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது.

அடுத்தது சிக்கரி. அது ஒரு செடியின் வேர். குஜராத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் விளைகிறது. அதில் காபீன் இல்லை. தண்ணீரில் காப்பியைவிட மிக அதிகமாகக் கரையும், அதனால்தான் கொஞ்சம் சேர்த்தாலே நிறமும் கெட்டியும் வந்துவிடுகிறது. பாலுக்கு ஈடுகொடுக்க 15, 20 சதவீதம் சேர்ப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். சிக்கரி கலந்த தூளில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எவ்வளவு கலந்திருக்கிறது என்று பாக்கெட்டில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அந்த வரியைப் படித்துவிட்டு வாங்குங்கள். சந்தேகம் இருந்தால் ஒரு கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து மேலே ஒரு சிட்டிகைத் தூளைத் தூவுங்கள். காப்பி மிதக்கும். சிக்கரி பழுப்பாகக் கோடு இழுத்துக்கொண்டு கீழே இறங்கும்.

இனி பில்டர். நாலு பேருக்கு 40 கிராம் தூள், 200 மில்லி தண்ணீர். தூளைப் பரப்பி லேசாக அமுக்கினால் போதும், இறுக்கினால் டிக்காஷன் இறங்காது. தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்து அரை நிமிஷம் பொறுத்து, முதலில் தூள் நனைகிற அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள். புதுத்தூள் என்றால் குமிழி விட்டு மேலே உப்பி வரும், உள்ளே இருக்கும் வாயு வெளியேறுவதுதான் அது. பழைய தூள் சேறாகக் கிடக்கும். அப்புறம் மீதித் தண்ணீர். தூள் தன் எடைக்கு இரண்டு பங்குத் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும், அதனால் கிடைப்பது 120 மில்லி போலத்தான். ஆசைப்பட்டு மறுபடியும் தண்ணீர் விட்டால் கசப்புதான் வரும்.

தண்ணீரைப் பற்றி நம் ஊரில் பேசாமல் முடியாது. சம்பை ஊற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள் காரைக்குடிக்காரர்கள். சுற்று ஊர்களில் ஊரணித் தண்ணீரில் போட்ட காப்பியை இன்றும் பெரியவர்கள் சொல்லிச் சொல்லி மாய்கிறார்கள். அதில் உண்மை இருக்கிறது. பாத்திரத்தில் வெள்ளையாக உப்புப் படியும் ஆழ்குழாய்த் தண்ணீர், காப்பியில் இருக்கும் மெல்லிய புளிப்பை அடித்துவிடும். காப்பி மொத்தையாக, உயிரில்லாமல் இருக்கும். அதற்காக ஆர்.ஓ. இயந்திரத்துத் தண்ணீரை மட்டும் நம்பினாலும் சப்பென்று ஆகிவிடும், தூளிலிருந்து ருசியை இழுக்கத் தண்ணீரில் கொஞ்சம் கால்சியம், மெக்னீசியம் வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரோடு நல்ல குடிநீர் கொஞ்சம் கலந்து பாருங்கள். பாலை முதல் கொதியில் இறக்கி, டிக்காஷனை அதில் ஊற்றுங்கள். டிக்காஷனை ஒருபோதும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

காலையில் இறக்கியதைச் சாயங்காலம் வரை வைத்துச் சுடவைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. இடைப்பலகாரத்துக்கு வெள்ளைப் பணியாரம் சுடும் நாளிலாவது சின்ன பில்டரில் புதிதாக இறக்குங்கள். இரண்டு பேருக்கு 20 கிராம் தூள் போதும். முன்கூட்டியே தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, மிளகாய்த் துவையலை அரைத்து எண்ணெய்ச் சட்டியை ஏற்றினால், கடைசிப் பணியாரம் எடுக்கும்போது டிக்காஷன் தயாராக இருக்கும். நன்றி, வணக்கம்.