மரத்தூள் அடுப்பும் அப்பாவின் ஆட்டுக்கால் சூப்பும்

வானொலி நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எனக்குச் சொந்த ஊர் செங்கோட்டை. ஆனி பிறந்துவிட்டால் மேற்கு மலையில் மேகம் இறங்கிவிடும். வெயில் அடிக்கும்போதே பொடிப்பொடியாகச் சாரல் விழும், காற்று ஆளைத் தள்ளும், துவைத்துப் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படி ஒரு சாரல் காலத்தில்தான் அப்பா போனார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. வருடா வருடம் அந்த நாளில் ஆட்டுக்கால் சூப் வைத்து அப்பாவுக்குப் படைக்கிறேன். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைப்பது எங்கள் வழக்கம். எங்கள் வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மற்றச் சமையல் எல்லாம் அம்மா செய்வாள், ஆட்டுக்கால் மட்டும் அப்பா கைதான்.

அப்பா மர அறுவை மில்லில் வேலை பார்த்தார். செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். கணவாய் வழியாகக் கொல்லத்துக்கு 1904-லேயே ரயில் ஓடிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து மரம் இங்கே வந்து இறங்க, மில்லுகள் வரிசையாக எழுந்தன. தேக்கா, அயனியா, பலாவா, மருதா என்று அப்பா வாசனையை வைத்தே சொல்லிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது சட்டையிலும் காது மடலிலும் தூள் ஒட்டியிருக்கும். சனிக்கிழமை கூலியோடு ஒரு சாக்கு மரத்தூளும் வரும். அந்தத் தூளில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது.

மரத்தூள் அடுப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் இப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார்கள். பழைய எண்ணெய் டின் ஒன்று, அதன் அடிப்பக்கத்தில் ஓர் ஓட்டை, அவ்வளவுதான் அடுப்பு. டின்னுக்கு நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, ஓட்டை வழியாக ஓர் உருட்டுக் கம்பைப் பாட்டிலின் அடி வரைக்கும் நுழைத்து வைப்பார் அப்பா. பிறகு காய்ந்த தூளைக் கை கையாக அள்ளிப் போட்டு, கட்டையால் இடித்து இடித்து இறுக்குவார். டின் நிறைந்ததும் பாட்டிலைத் திருகித் திருகி மேலே எடுப்பார், கம்பைப் பக்கவாட்டில் உருவுவார். உள்ளே ஒரு குழல் நிற்கும். சீமெண்ணெய் தொட்ட துணித்துண்டைக் கொளுத்திக் கீழ் ஓட்டையில் வைத்தால் போதும்.

நான் முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்தவள். வெப்பம் பற்றிய பாடம் நடத்தும்போதெல்லாம் அந்த டின்தான் கண்ணில் நிற்கும். இறுகிய தூளுக்குள் காற்று போக முடியாது. குழலின் உள்சுவரில் மட்டும்தான் காற்றுப் படும், அதனால் அந்தச் சுவர் மட்டுமே கனலும். அது கனன்று சாம்பலாக உதிர்ந்த பிறகுதான் அடுத்த படலம் பிடிக்கும். தூளைத் தளர்வாகக் குத்தியிருந்தால் சரிந்து குழலை அடைத்துவிடும், அப்புறம் வீடெல்லாம் புகைதான். அப்பா குத்திய அடுப்பு ஒரு நாளும் சரிந்ததில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குப் பற்றவைத்தால் விடியக் கருக்கலில்தான் தணியும்.

ஞாயிற்றுக்கிழமைச் சூப்புக்குச் சனிக்கிழமையே கால் வந்துவிடும். கறி வாங்கக் காசு பத்தாத வாரத்திலும் கால் வாங்கிவிடலாம், அப்போது அது மலிவு. தீயில் வாட்டி, கத்தியால் முடியைச் சுரண்டி, குளம்பைத் தட்டிக் கழற்றி, மஞ்சள் தேய்த்து நாலு தண்ணீரில் கழுவுவார். மண்சட்டியில் தண்ணீர் ஊற்றி, சின்ன வெங்காயமும் பூண்டும் இஞ்சியும் தட்டிப் போட்டு மூடிவிட்டால், அதன்பிறகு அந்தப் பக்கம் யாரும் போகக்கூடாது. நான் மூடியைத் தொடப் போனால், "ஏட்டி, சூப்பு தூங்குது, எழுப்பாத" என்பார்.

எனக்கு ஒன்பது வயதில் கொய்யா மரத்திலிருந்து விழுந்து இடது கை முறிந்தது. நாட்டு வைத்தியர் உளுந்த மாவில் முட்டை வெள்ளைக்கருவைக் குழைத்துப் பூசி, மூங்கில் சிம்பு வைத்துக் கட்டினார். கட்டு அவிழ்க்கும் வரைக்கும் அப்பா தினமும் சூப் வைத்தார். வாரம் ஒரு முறை இப்படிக் குத்தும் அடுப்பை, பகலெல்லாம் மரம் தூக்கிய தோளோடு, ஒவ்வொரு ராத்திரியும் உட்கார்ந்து குத்தினார். விடியற்காலம் என்னை எழுப்பிப் பித்தளை டம்ளரில் ஊற்றி, ஊதி ஊதிக் கொடுப்பார். வலிக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. "குடி" என்பார். அந்த ஒரு சொல்லை நான் இன்று வரைக்கும் காதில் வைத்திருக்கிறேன்.

ஆட்டுக்கால் சூப் குடித்தால் எலும்புக்குக் கால்சியம் ஏறும் என்று ஊரில் சொல்வார்கள். ஆசிரியையாக இருந்தவள், உள்ளதைச் சொல்ல வேண்டும். எலும்பை எத்தனை மணி நேரம் வேகவைத்தாலும் தண்ணீரில் இறங்கும் கால்சியம் கொஞ்சம்தான். நிறைய இறங்குவது ஜெலட்டின். ஆட்டின் காலில் சதை குறைவு. தோலும் தசைநாரும் குருத்தெலும்பும்தான் அதிகம். அவற்றில் இருக்கும் கொலாஜன் மூன்று புரி முறுக்கிய கயிறு மாதிரி. எழுபது டிகிரிக்கு மேலான ஈரச் சூட்டில் மணிக்கணக்காகக் கிடந்தால் அந்த முறுக்கு மெல்ல அவிழ்ந்து தண்ணீரில் கரையும். குடிக்கும்போது உதடு ஒட்டுகிறதே, அது இதனால்தான். ஆறவைத்தால் சூப் அப்படியே அல்வா மாதிரி உறைந்து நிற்கும். அப்பாவுக்கு இந்தப் பெயர் ஒன்றும் தெரியாது. "உதடு ஒட்டுதா?" என்று மட்டும் கேட்பார். ஒட்டுகிறது என்றால் வெந்துவிட்டது என்று கணக்கு. என் கை கூடியது எதனால் என்று கேட்டால், படித்தது ஒன்று சொல்லும், மனது அந்தச் சூப்பைத்தான் சொல்லும்.

அப்பா போன முதல் வருடம் பிரஷர் குக்கரில் வைத்துப் படைத்தேன். குக்கருக்குள் சுமார் 120 டிகிரி வரைக்கும் சூடு ஏறும், அதனால் ஒரு மணி நேரத்துக்குள் கால் குழைந்துவிடுகிறது. குறை சொல்ல ஒன்றும் இல்லை. வேலைக்குப் போன காலமெல்லாம் எனக்குக் கைகொடுத்தது குக்கர்தான். ஆனாலும் அப்பாவுடைய நாளில் அது மனதுக்கு ஒட்டவில்லை. வீட்டில் எல்லாரும் தூங்கும்போது ஓர் ஓரத்தில் ஒரு சட்டி விழித்திருக்க வேண்டும் எனக்கு. திருநெல்வேலியில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறேன். மரத்தூளுக்கு எங்கே போவது, புகைக்கு எங்கே போவது?

என் மகள்தான் ஸ்லோ குக்கர் வாங்கித் தந்தாள். உள்ளே கனமான பீங்கான் சட்டி, அதைச் சுற்றி மின்கம்பி, மேலே கண்ணாடி மூடி. என் அக்கா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "ஏட்டி, இந்தக் கரண்டு சட்டியில வச்சா அப்பாவுக்குச் சேருமா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

போதாததற்கு அந்த முதல் ராத்திரியே கரண்ட் போய்விட்டது. சாரல் காற்றில் கிளை முறிந்து கம்பியில் விழுந்திருக்கிறது. ராத்திரி ஒரு மணிக்குப் போனது ஐந்து மணிக்குத்தான் வந்தது. அறுபது டிகிரிக்குக் கீழே இறங்கிய கறிச்சாறு மணிக்கணக்காகக் கிடந்தால் அதில் கிருமி பெருகிவிடும், மறுபடி கொதிக்கவைத்தாலும் நம்ப முடியாது. அப்படியே கொட்டினேன். அப்பாவுக்கு வைத்ததைக் கொட்டுகிறோமே என்று அடுப்படியில் நின்று அழுதேன். அன்றைக்கு அப்பா படத்துக்கு முன்னால் ஒரு டம்ளர் கடுங்காப்பிதான் வைத்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அது இன்னும் வலித்தது.

அதற்கப்புறம்தான் இந்தச் சட்டி எங்கிருந்து வந்தது என்று தேடிப் படித்தேன். அமெரிக்காவில் இர்விங் நாக்சன் என்று ஒரு யூதப் பொறியாளர். அவருடைய அம்மா லித்துவேனியாவின் வில்னியஸ் நகரத்தைச் சேர்ந்தவர், அப்போது அந்த ஊரை வில்னா என்பார்கள். யூதர்களுக்கு வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்ததும் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதன்பிறகு தீ மூட்டக்கூடாது. அதனால் பயறும் கறியும் உருளைக்கிழங்கும் போட்ட சட்டியை வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊர் ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். ராத்திரி முழுக்க அடுப்பின் மிச்சச் சூட்டிலேயே வெந்து, மறுநாள் எடுத்துச் சாப்பிடுவார்கள். சோலண்ட் என்று அதற்குப் பெயர். தன் அம்மா சமைத்த இந்தக் கதையை நாக்சனின் அம்மா மகனிடம் சொல்லியிருக்கிறார். அந்த அடுப்பை மின்சாரத்தில் செய்தால் என்ன என்று மகன் யோசித்ததில் பிறந்ததுதான் இந்தச் சட்டி. 1940-இல் அவருக்குக் காப்புரிமை கிடைத்தது. 1970-இல் ரைவல் என்ற நிறுவனம் அவருடைய தொழிலை வாங்கி, அடுத்த வருடமே கிராக்-பாட் என்ற பெயரில் கடைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு அது போனது அப்புறம்தான்.

இதை அக்காவிடம் போனில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அப்போ அவுகளும் ராத்திரி போட்டு விடிஞ்சுதான் எடுத்திருக்காவ" என்றாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

வைக்கும் விதத்தைச் சொல்கிறேன். எழுதிக்கொள்ள நினைப்பவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஓர் ஆட்டின் நாலு கால், கறிக்கடையிலேயே வாட்டிச் சுரண்டி வெட்டித் தருவார்கள். வீட்டில் ஒரு தடவை நெருப்பில் காட்டிவிடுங்கள். ஸ்லோ குக்கரில் எதுவும் சிவக்காது, கருகாது, ஆகவே சுட்ட மணம் முன்கூட்டியே வந்திருக்க வேண்டும். மஞ்சள் போட்டு நன்றாகக் கழுவி, வேறு பாத்திரத்தில் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்து, மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். பதினைந்து சின்ன வெங்காயம், பத்துப் பல் பூண்டு, இரண்டு அங்குல இஞ்சி, இவற்றைத் தட்டித் தேங்காய் எண்ணெயில் வதக்கி, ஒரு தக்காளியும் இரண்டு பச்சை மிளகாயும் சேர்த்து, கொதித்த காலோடும் தண்ணீரோடும் சூடாகவே சட்டியில் ஊற்றுங்கள். குளிர்ந்த தண்ணீரிலிருந்து தொடங்கினால் இது சூடேறவே வெகுநேரம் பிடிக்கும், அந்த நேரம் கிருமிக்கு வசதி. ஐஸில் உறைந்த காலை அப்படியே போடுவதும் கூடாது.

தண்ணீர் ஒன்றரை லிட்டர் போதும். முதலில் நான் மண்சட்டிக் கணக்கில் ஊற்றிச் சப்பென்று ஆக்கினேன். இதில் ஆவி மூடியில் பட்டு உள்ளேயே வடிகிறது, வற்றுவதே இல்லை. குறைந்த சூட்டில் ஒன்பது மணி நேரம். இருநூறு வாட் சட்டி என்றால், ராத்திரி முழுக்க எரிந்தாலும் கிட்டத்தட்ட இரண்டு யூனிட்தான் ஆகும். நடுவில் மூடியைத் திறக்காதீர்கள். ஒரு தடவை திறந்தால் இழந்த சூடு திரும்பி வர இருபது முப்பது நிமிடம் ஆகும். அப்பா சொன்னதை எனக்குப் பாடப்புத்தகம் பிற்பாடுதான் சொன்னது.

மிளகு, சீரகம், மல்லி மூன்றையும் லேசாக வறுத்து, காலையில், கடைசி அரை மணி நேரம் இருக்கும்போது இடித்துப் போடுங்கள். ராத்திரியே போட்டால் மிளகின் மணம் செத்துவிடுகிறது. உப்பும் அப்போதுதான்.

சைவ நேயர்கள் இதே சட்டியில் கொண்டைக்கடலை, பார்லி, காய்கறி போட்டு அருமையான சூப் வைக்கலாம். சிவப்பு ராஜ்மா மட்டும் கவனம். ஊறவைத்து, தனியே குறைந்தது பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவைத்த பிறகுதான் இதில் போட வேண்டும். அதில் இருக்கும் ஒரு நச்சுப் புரதம் இந்த மெல்லிய சூட்டில் சாகாது, வயிற்றைப் புரட்டிவிடும்.

புகை மணம் மட்டும் வரவில்லை. எதை எதையோ செய்து பார்த்தேன், அயனித்தூள் புகையின் வாசம் சூப்பில் இறங்கியிருந்ததே, அதை எந்தச் சட்டியிலும் கொண்டுவர முடியவில்லை. அது அப்பாவோடு போய்விட்டது. இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்த வருடம் அக்கா முதல் நாள் சாயங்காலமே வந்துவிட்டாள். இருவருமாகக் காலைக் கழுவினோம், அவள்தான் வெங்காயம் தட்டினாள். ஒன்பதரை மணிக்குச் சட்டியை மூடிவிட்டுக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தோம். ஜன்னலுக்கு வெளியே காற்று. நடுராத்திரியில் எனக்கு விழிப்பு வந்தது. வீடு முழுக்கச் சூப் வாசனை. கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தேன், சட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூடியின் பிடியில் கையும் வைத்துவிட்டேன்.

இருட்டுக்குள்ளிருந்து அக்கா குரல் வந்தது. "ஏட்டி, தூங்குது. எழுப்பாத."

கையை எடுத்துக்கொண்டு வந்து படுத்தேன். ஆறு மணிக்கு இருவரும் எழுந்து மிளகு இடித்தோம்.

நன்றி. வணக்கம்.